முட்டுவலிக்கு நீச்சல் படித்தேன்

நீந்துவது உடம்புக்கு நல்லதா கெட்டதா என்று என்னை யாராவது கேட்டால், எந்தத் தண்ணீரில், எந்த நாளில் என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன். என் பேத்தி மதுரையில் நீந்தப் போகிறாள். நீலமாகத் தண்ணீர், அடியில் வழுவழுவென்று ஓடு பதித்திருக்கிறதாம். அடியில் ஓடு பதித்த தண்ணீரில் என்ன கெட்டது வந்துவிடப் போகிறது? கரிசல் கண்மாயில் நீந்தினவளிடம் கேட்க வேண்டும்.

எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல அவள்தான் எழுதுகிறாள். (இப்படி வளைகோட்டுக்குள் வருவதெல்லாம் நான் குரலைத் தாழ்த்திச் சொன்னதாம். எழுதாதே என்றேன். எழுதியிருக்கிறாள்.)

எமர்ஜென்சி முடிந்து ஒன்றிரண்டு வருஷம் இருக்கும். புதூர் பக்கம் எங்கள் ஊர். அப்போது நான் ஆள் நல்ல வாட்டசாட்டம். (குண்டு என்று எழுதிக்கொள்.) மிளகாய்ப் பழம் பறிக்கக் குனிந்தால் நிமிர்த்திவிட ஆள் வேண்டும். முட்டு இரண்டும் பழைய மரக்கதவு மாதிரி சத்தம் போடும். எங்கள் வீட்டுக்காரர் என்னைப் பஸ் ஏற்றிக் கோவில்பட்டி டாக்டரிடம் கூட்டிப் போனார். டாக்டர் முட்டு இரண்டையும் அமுக்கிப் பார்த்துவிட்டு, "நீச்சல் தெரியுமாம்மா?" என்றார்.

"எங்கூர்ல குடிக்கவே தண்ணி கெடையாது டாக்டரய்யா."

"தண்ணிக்குள்ள உடம்பு கனம் முட்டுல விழாது. நீந்துனா எடையும் குறையும், மூச்சும் நல்லாகும்."

"அப்பம் எனக்குத் தண்ணி வேணும்னு ஒரு சீட்டு எழுதிக் குடுங்க. பிரசிடெண்டுகிட்ட காட்டுதேன்."

அவர் சிரிக்கவில்லை. எங்கள் வீட்டுக்காரரும் சிரிக்கவில்லை. நான் மட்டும் பஸ்ஸில் வருகிற வழியெல்லாம் சிரித்துக்கொண்டு வந்தேன்.

அந்த ஐப்பசியில் பாருங்கள், மழை கொட்டியது. பல வருஷமாக ஆடு மேய்ந்த கண்மாய் நிரம்பி மறுகால் பாய்ந்தது. ஊரே பருத்தி மூழ்கிவிட்டதே என்று கவலைப்பட்டது. டாக்டர் சொன்ன மருந்து வந்துவிட்டது என்று நான் ஒருத்திதான் சந்தோஷப்பட்டேன்.

தண்ணீர் வந்துவிட்டது, சொல்லிக் கொடுக்க ஆள் வேண்டுமே. பக்கத்து வீட்டில் செபஸ்தியம்மா இருந்தாள். கடற்கரை ஊரில் பிறந்து, எங்கள் ஊருக்கு வாக்கப்பட்டு வந்தவள். அவள் புருஷனுக்குத் தீப்பெட்டிக் கம்பெனியில் வேலை. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போவாள், மற்ற நாளெல்லாம் என்னோடு பேசுவாள். கடலைப் பார்த்து வளர்ந்தவளுக்கு நீச்சல் தெரியாமலா இருக்கும் என்று கேட்டேன். அவளும் இல்லை என்று சொல்லவில்லை.

பாடம் இப்படி நடக்கும். விடிகாலையில் மடைப் பக்கம் போவோம். அங்கே கண்மாய்க்குள் கருவேல மரங்கள் நெருக்கமாக நிற்கும், யார் கண்ணிலும் படாது. என் இடுப்பில் இரண்டு சுரைக்குடுக்கையைக் கட்டி, ஒரு கயிற்றையும் கட்டி, கயிற்று நுனியைப் பிடித்துக்கொண்டு அவள் கரையில் உட்கார்ந்துகொள்வாள்.

"கால தவக்கள மாதிரி அடிங்க மைனி. கைய வெலக்குங்க. தலைய தூக்காதீங்க."

"நீயும் எறங்கி ஒருக்க காட்டேன்."

"எனக்குச் சளி மைனி."

அவளுக்கு அந்த மார்கழி முழுவதும் சளி. தை முழுவதும் சளி.

முதல் நாள் நூல் சேலையோடு இறங்கினேன். சேலைக்குள் காற்றுப் புகுந்து என்னைச் சுற்றிக் குடை மாதிரி விரித்துக்கொண்டது. அதில் உட்கார்ந்தபடியே மிதந்தேன். நீச்சல் இவ்வளவுதானா என்று நினைத்தேன். காற்று இறங்கினதும் நானும் இறங்கினேன். அன்றைக்கு நான் குடித்ததில் கண்மாயில் ஒரு சால் தண்ணீர் குறைந்திருக்கும்.

ஆனால் நல்லதையும் சொல்ல வேண்டும். தண்ணீருக்குள் போன நிமிஷம் எனக்கு முட்டு என்று ஒன்று இருப்பதே மறந்துபோகும். காலை உதறினால் கால் போகிறது, மடக்கினால் மடங்குகிறது. கல்யாணத்துக்கு முன்னால் இருந்த கால் திரும்பி வந்த மாதிரி இருக்கும். ராத்திரி படுத்தால் தூக்கம் அப்படி வரும். கோபம் வராது. எங்கள் வீட்டுக்காரர், "என்னட்டி, நீ ஏசி ரொம்ப நாளாச்சே, ஒடம்புக்குச் சுகமில்லையா?" என்று கேட்டார்.

கெட்டது பசி. நீந்தினால் எடை குறையும் என்று சொன்ன டாக்டர், நீந்தினால் இப்படிப் பசிக்கும் என்று ஏன் சொல்லவில்லை? கம்பங்கஞ்சியும் கருவாடும் சட்டியோடு போகும். அப்புறம் தலைமுடியில் பாசி வாடை. கண் சிவப்பு. சின்ன மீனெல்லாம் காலை வந்து வந்து கொத்தும். தை கடைசியில் மிளகாய் மூடை நிறுக்கிற தராசில் ஏறி நின்று பார்த்தேன். கூடியிருந்தது. நிறுத்துச் சொன்ன அண்ணாச்சி, "ஈரச் சேலயில்லா, அதான்" என்று ஆறுதல் சொன்னார். சேலை காய்ந்துதான் இருந்தது.

இப்போது எங்கள் கண்மாயில் மீன்பிடிக்கிற முறையைச் சொல்லியாக வேண்டும். கண்மாய் பெருகின வருஷம், தண்ணீர் வற்றி இடுப்பளவுக்கு வந்ததும் ஒரு நாள் குறிப்பார்கள். அதுவரைக்கும் யாரும் மீனில் கை வைக்கக் கூடாது. அன்றைக்குச் சுற்றுப்பட்டு ஊரெல்லாம் ஊத்தாவோடு வந்து கரையில் நிற்கும். (ஊத்தா என்றால் அடியில்லாத கூடை. மீன் மேல் கவிழ்த்து, மேல் ஓட்டை வழியாகக் கையை விட்டுப் பிடிப்பது.) முறைக்காரர் கரையில் ஏறி வெள்ளைத் துண்டை வீசினதும் எல்லோரும் ஒரேயடியாக இறங்குவார்கள். வீசுகிற முறை வீடு வீடாக மாறி வரும். முதல் மீன் அந்த வீட்டுக்கு. எங்கள் பக்கம் கண்மாய் எப்போதாவதுதான் பெருகும் என்பதால், ஒரு வீட்டுக்கு முறை வருவதற்குள் ஒரு தலைமுறையே போய்விடும்.

அந்த வருஷம் எங்கள் வீட்டு முறை.

எங்கள் மாமனாருக்கு அந்த முறை கிடைக்கவே இல்லை. காத்திருந்தே போய்ச் சேர்ந்துவிட்டார். அதனால் எங்கள் வீட்டுக்காரருக்கு அது பெரிய விஷயம். புதுத் துண்டு வாங்கி, நீலம் போட்டு அலசி, கொடியில் காயப்போட்டார். முற்றத்தில் நின்று வீசிப் பழகினார். தலையைச் சுற்றி மூன்று சுற்று, அப்புறம் ஒரே வீச்சு. நான் பார்க்கிறேன் என்று தெரிந்தால் கொசு விரட்டுகிற மாதிரி பாவனை செய்வார். அதிகம் பேசாத மனுஷர். இந்த ஒன்றுக்குத்தான் அப்படி ஆசைப்பட்டு நான் பார்த்தது.

அந்த நாளும் வந்தது. விடியுமுன்னே எழுந்தேன். இன்றைக்கு ஊர் இறங்கிக் கலக்கிவிட்டால் கண்மாய் வெறும் சேறாகிவிடும். அடுத்து எப்போது பெருகுமோ. கூட்டம் சேர்வதற்குள் ஒரு நீச்சல் போட்டு வந்துவிடலாம் என்று செபஸ்தியம்மாவை எழுப்பினேன்.

"இன்னைக்கு வேண்டாம் மைனி. ஊரே வருதுன்னு சொல்லுதாவ."

"அவிய கெழக்குக் கரையில நிப்பாவ. நாம மடைப் பக்கம்லா இருக்கோம். வாட்டி."

தலை நனையாமல் கட்டிக்கொள்ள இருட்டில் கொடியைத் தடவி ஒரு துண்டை உருவினேன். அன்றைக்குக் கயிறு வேண்டாம், குடுக்கையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். (திமிர்.) நீந்தினேன். அருமையாக நீந்தினேன். கருவேல மரங்களைத் தாண்டி வெளியே வந்ததுகூடத் தெரியவில்லை. களைத்துப்போய்க் காலை ஊன்றினேன்.

அது எருமை படுத்துப் படுத்துப் பள்ளமாக்கின இடம். கால் போனது, போய்க்கொண்டே இருந்தது. கரிசல் சேறு இருக்கிறதே, காலைப் பிடித்தால் கடன்காரன் மாதிரி விடாது. வலது காலை உருவினால் இடது கால் இறங்குகிறது. தொடை வரைக்கும் சேறு, கழுத்து வரைக்கும் தண்ணீர். டாக்டர் சொன்ன மாதிரி முட்டில் கனம் விழவில்லை. முட்டு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை.

"செபஸ்தி, வந்து இழுட்டி."

அவள் கரையில் எழுந்து நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள்.

"என்ன பாத்துக்கிட்டு நிக்க? நீந்தி வா."

"எனக்கு நீச்ச தெரியாது மைனி."

"என்னது?"

"எங்கூர்ல பொம்பளயள கடல்ல எறங்க விடமாட்டாவ. கணுக்கால் நனைஞ்சாலே எங்கய்யா அடிப்பாவ."

"அப்பம் இத்தன நாளா எனக்கு என்னத்தட்டி சொல்லிக் குடுத்த?"

"எங்க அண்ணம்மாரு நீந்துறத கரையில இருந்து பாத்திருக்கேம்லா. அதத்தான் சொன்னேன்."

கழுத்தளவு தண்ணீரில் நின்றுகொண்டு ஏசுவது கஷ்டம். வாயைப் பெரிதாகத் திறக்க முடியாது. தூரத்தில் கிழக்குக் கரையில் கறுப்பாகக் கூட்டம் தெரிந்தது. கத்தினால் அங்கே கேட்காது. செபஸ்தியம்மாதான் யோசனை சொன்னாள்: "தலையில கட்டியிருக்க துண்ட எடுத்து ஆட்டுங்க மைனி. யாராது பாப்பாவ."

அவள் எங்கள் ஊருக்கு வந்த பிறகு அந்த வருஷம் வரைக்கும் கண்மாய் பெருகினதே இல்லை. துண்டு வீசுகிற முறை அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். ஆனால் சேற்றில் நிற்கிறவளுக்கு அதெல்லாம் எங்கே ஞாபகம் வருகிறது? அவிழ்த்தேன். இரண்டு கையாலும் தூக்கி ஆட்டினேன்.

காலை வெயில் அப்போதுதான் விழுகிறது. புதுத் துண்டு, நீலம் போட்ட துண்டு, பளிச்சென்று தெரிந்திருக்கிறது. விடிவதற்கு முன்பிருந்தே ஊத்தாவோடு நிற்கிற கூட்டம் அது. ஒரு கொக்கு பறந்திருந்தாலும் இறங்கியிருப்பார்கள். ஓவென்று ஒரு சத்தம். ஊரே தண்ணீருக்குள் வந்தது.

அட, என்னைக் காப்பாற்ற எத்தனை ஜனம் என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர்கள் என் பக்கம் திரும்பவே இல்லை. அங்கங்கே குனிந்து ஊத்தாவைக் குத்துகிறார்கள். அப்போதுதான் கையில் இருப்பது என்ன துண்டு என்று பார்த்தேன். எங்கள் வீட்டுக்காரரின் முறைத் துண்டு.

அதற்குள் தண்ணீர் கலங்கி, சேறு தெறித்து, என் தலையும் தண்ணீரும் ஒரே கறுப்பாகிவிட்டது. யாரோ ஒருத்தர் என் தலை மேலேயே ஊத்தாவைக் கவிழ்த்தார். மேல் ஓட்டை வழியாகக் கை வந்து என் கொண்டையைப் பிடித்தது.

"ஏலே, பெரிய மீனுலே. ஓடியா, ஓடியா."

"அண்ணாச்சி, நான் மீன் இல்ல," என்றேன் கூடைக்குள் இருந்து.

கை விலகியது. பிறகு கூடை மெதுவாக உயர்ந்தது. விளாத்திகுளத்துப் பக்கத்து ஆள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தாயி, நீங்க எந்தூரு?" என்று மரியாதையாகக் கேட்டார்.

அவரும் இன்னும் நாலைந்து பேரும் சேர்ந்து என்னைக் கிழங்கு பிடுங்குகிற மாதிரி பிடுங்கிக் கரையில் போட்டார்கள். அங்கே எங்கள் வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார். வெள்ளை வேட்டி, நெற்றியில் திருநீறு, தோளில் ஒன்றும் இல்லை. வீடு முழுக்கத் துண்டைத் தேடிவிட்டு, நேரமாகிறதே என்று ஓடி வந்திருக்கிறார். வந்து பார்த்தால் ஊர் ஏற்கெனவே கண்மாய்க்குள் நிற்கிறது. என் கையில் இருந்த துண்டைப் பார்த்தார். ஏசியிருந்தால் நான் பதிலுக்கு நாலு ஏசியிருப்பேன். அவர் பாட்டுக்குக் கண்மாயைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த முகத்தைப் பார்த்ததும், சேற்றிலேயே இருந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

மெதுவாகக் கேட்டார்: "தலையச் சுத்தி வீசுனியா, சும்மா ஆட்டுனியா?"

"சும்மாதான் ஆட்டுனேன்."

"ஒரு அழகு வேண்டாமா," என்றார்.

அதற்குள் பஞ்சாயத்துக் கூடிவிட்டது. முறை தப்பிவிட்டது, மீன் செல்லாது, எல்லோரும் கரையேறுங்கள், மறுபடி வீசட்டும் என்கிறார்கள் சிலர். மடியில் மீனோடு நிற்கிறவன் எவன் ஏறுவான்? இந்த முறை கணக்கில் சேராது, அடுத்த வீட்டுக்குப் போகட்டும் என்கிறார் எங்களுக்கு அடுத்த முறை வீட்டுக்காரர். கடைசியில் ஊர்ப் பெரியவர் வந்தார். எங்கள் வீட்டுக்காரரைப் பார்த்துக் கேட்டார்.

"துண்டு யார் வீட்டுத் துண்டுப்பா?"

"எங்க வீட்டுத் துண்டுதான்."

"வீசுன ஆளு?"

அவர் என்னைப் பார்த்தார். நான் தலை முதல் கால் வரை கறுப்பாக நின்றேன்.

"எங்க வீட்டு ஆளுதான்."

"அப்பம் முறை சரியாத்தான போயிருக்கு. மொத மீன அவிய வீட்டுக்குக் குடுங்க."

என் தலையில் ஊத்தா கவிழ்த்த அண்ணாச்சியே ஒரு விரால் மீனைக் கொண்டு வந்து எங்கள் வீட்டுக்காரர் கையில் கொடுத்தார். அவர் அதை வாங்கி, என் கையில் இருந்த துண்டில் சுற்றி, நடு வீதி வழியாக வீட்டுக்குக் கொண்டு வந்தார். நான் பின்னால் சேறு சொட்டச் சொட்ட நடந்தேன். செபஸ்தியம்மா எனக்குப் பின்னால், "மூச்ச இழுத்து விடுங்க மைனி, மூச்ச இழுத்து விடுங்க" என்று அப்போதும் பாடம் நடத்திக்கொண்டு வந்தாள்.

அத்தோடு என் நீச்சல் முடிந்தது. முட்டுவலி இன்னும் இருக்கிறது. கண்மாய் அதற்கப்புறம் எப்போதாவது பெருகும். வேறு வேறு வீட்டு முறை வரும். ஆனால் எந்த வீட்டு முறையாக இருந்தாலும் சரி, துண்டோடு கரையேறுகிறவர் முதலில் ஒரு ஆளை எங்கள் வீட்டுக்கு விரட்டுவார்.

"ஆச்சி வீட்லதான இருக்காவ?"

"இருக்கேன்ப்பா. வீசச் சொல்லு," என்பேன் அடுப்படியில் இருந்து. அதைக் கேட்ட பிறகுதான் துண்டு மேலே போகும்.

எங்கள் வீட்டுக்காரர் இப்போதும் வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார், அந்த அடுத்த முறை வீட்டுக்காரர் காதில் விழுகிற மாதிரி: "மத்தவியளுக்கெல்லாம் எப்பவோ ஒருக்கத்தான் முறை. எங்க வீட்ல கேக்காம இந்த ஊர்ல ஒரு மீன் பிடிக்க முடியாது."