மூக்கு மட்டும் கொஞ்சம்

திருத்தக்காரர் என்றொரு இனம் உண்டு. பள்ளிக்கூடத்தில் விடைத்தாள் திருத்துகிற வாத்தியாரைச் சொல்லவில்லை. அவருக்குச் சம்பளம் உண்டு, கோடை விடுமுறை உண்டு. நான் சொல்கிற ஆசாமிக்கு இரண்டும் கிடையாது. அடுத்தவர் வரைந்த படத்தைப் பார்த்ததும் விரல் அரிக்கும், அவ்வளவுதான்.

கோயமுத்தூரில் எந்த ஓவியக் கண்காட்சிக்குப் போனாலும் இவரை நீங்கள் பார்க்கலாம். கைகளைப் பின்னால் கட்டி, தலையைச் சாய்த்து, ஒரு கண்ணை மூடி, பின்னாலேயே நகர்ந்து நகர்ந்து, யாராவது ஒருவர் காலை மிதித்த பிறகுதான் நிற்பார். "அருமைங்க!" என்பார். உடனே சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். அடுத்த சொல் "ஆனா" என்று வரும். வராமல் எங்கே போகும்?

சூலூரில் விசைத்தறி போட்டிருக்கும் ஈஸ்வரமூர்த்தி இந்த இனத்தின் முழு வளர்ச்சி பெற்ற மாதிரி. ஓவியர் வரதராஜுலு நொய்யலாற்றைத் திருப்பூர்ப் பக்கம் உட்கார்ந்து உள்ளது உள்ளபடி வரைந்து வைத்திருந்தார். நம்மாள் பார்த்தார்.

"அருமைங்க. ஆனா தண்ணி ஏனுங்க செவச்செவன்னு கெடக்குது?"

"சாயத்தண்ணிங்க. அப்படித்தான் ஓடுதுங்க."

"ஓடுனா ஓடட்டுமுங்க. படத்துல நீலமா உட்றலாமில்லீங்க? ஊட்ல மாட்டற படமில்லீங்களா!"

ஆற்றையே திருத்தியவர், பெற்ற தகப்பனைச் சும்மா விடுவாரா?

அவருடைய அப்பா பாலுசாமி இறந்து வருஷம் திரும்பப் போகிறது. நினைவு நாளில் படத்திறப்பு. மனிதர் ஆயுளில் புகைப்படக்காரரிடம் ஒரே ஒரு முறைதான் மாட்டினார், அதுவும் வாக்காளர் அட்டைக்காக. அதில் இருப்பது பாலுசாமிதான் என்று சர்க்கார் அடித்துச் சொல்வதால் நாம் நம்ப வேண்டியிருக்கிறது. பாவம், அவர் மனைவி தெய்வாத்தாளுக்குப் பயம் வந்துவிட்டது. "கண்ண மூடுனா அவரு மொகம் முன்னாட்ட வரமாட்டேங்குதுங்க. மறந்துபோட்டா நான் என்னங்க பண்ணுவேன்?" என்று வரதராஜுலுவிடமே கேட்டார். ஓவியர் அவர் எதிரே உட்கார்ந்து, சொல்லச் சொல்ல வரைந்தார். இடது கண் சற்றுச் சிறுத்து, மூக்கு சப்பையாக, முன்பல் ஒன்று விழுந்த சிரிப்போடு பாலுசாமி திரைச்சீலையில் வந்து உட்கார்ந்தார். தெய்வாத்தாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "இவருதானுங்க" என்றார்.

அதோடு விட்டிருக்கலாம். விட்டால் அவர் என்ன திருத்தக்காரர்?

"அருமைங்க. ஆனா மூக்கு மட்டும் கொஞ்சம் எடுப்பா வேணுமுங்க. இந்தா, என்ற மூக்காட்ட. எங்க ஐயன் மூக்குதானுங்களே எனக்கு!" என்று தன் மூக்கையே முன்னே நீட்டினார். மறு வாரம் கண்; பெரிய மனுஷனுக்குக் கண் சிறுத்திருக்கலாமா? "இந்தா, இப்படி." அப்புறம் வாய்; பல் தெரிந்தால் மில்காரர்கள் வருகிற இடத்தில் மரியாதையாக இருக்குமா? அப்புறம் மீசை, நெற்றி, நிறம், பாலுசாமி கனவிலும் போடாத கோட்டு. ஒவ்வொன்றுக்கும் மாதிரி கொண்டுவர அவர் எங்கும் அலையவில்லை. கோட்டைத் தவிர எல்லாம் கழுத்துக்கு மேலேயே தயாராக இருந்தது. வரதராஜுலு பல்லைக் கடித்துக்கொண்டு எண்ணெய் வண்ணத்தை மேலே மேலே பூசினார்.

நினைவு நாளும் வந்தது. திரையை விலக்கி, சந்தன மாலை போட்டு, விளக்கேற்றினார்கள். கூட்டம் படத்தைப் பார்த்தது, ஈஸ்வரமூர்த்தியைப் பார்த்தது, மறுபடி படத்தைப் பார்த்தது.

வெள்ளகோவில் பஸ் தாமதம். இறந்தவரின் தங்கை பழனியாத்தாள் அப்போதுதான் வந்து சேர்ந்தார். வாசலிலிருந்தே மாலையும் விளக்குமாகப் படத்தைப் பார்த்தார்.

"ஐயோ, ஈஸ்வரமூர்த்தி! எங்கண்ணன் போயி வருசம் திரும்பறதுக்குள்ள நீயும் போயிட்டயா கண்ணு!" என்று மாரில் அடித்துக்கொண்டு ஓடிவந்தார்.

"வாங்கத்தை, காப்பி சாப்புடுங்க" என்று டம்ளரோடு எதிரே வந்தார் காலஞ்சென்ற ஈஸ்வரமூர்த்தி.

அத்தையைத் தண்ணீர் தெளித்து எழுப்ப வேண்டியதாயிற்று. தெய்வாத்தாள் அதற்குள் எழுந்து மாலையைப் பிடுங்கி எறிந்தார். உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு மாலை போட்டு விளக்கும் வைத்துவிட்டார்களே! அப்புறம் ஓவியர் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க, அன்னைக்கு நான் பாத்தனே, அவரு எங்கீங்க?"

"அடியிலதானுங்க இருக்கறாரு. மேல பூரா உங்க மகன்."

"சொரண்டுனா வருவாருங்களா?"

"சொரண்டுனா ரெண்டு பேருமே போயிருவாங்க" என்றார் வரதராஜுலு. அந்தம்மாள் வெறும் படத்தின் முன்னால் உட்கார்ந்து அழுதார். முதல் தடவை அவர் போனபோது அழுதார். இது இரண்டாம் தடவை, அதே ஆளுக்கு. ஈஸ்வரமூர்த்தி தலையைச் சாய்த்து, ஒரு கண்ணை மூடி, படத்தைப் பார்த்தார்.

"மூக்கு மட்டும் கொஞ்சம் மாத்திப்போட்டா, அப்படியே எங்க ஐயனாட்டவே இருக்குமுங்க" என்றார்.

சிரிக்கிறீர்களா? நல்லது. உங்கள் வீட்டுச் சுவரிலும் உங்கள் அப்பா தொங்குகிறார் அல்லவா? எதற்கும் ஒரு தடவை அவரை உற்றுப் பாருங்கள். அப்படியே முகம் பார்க்கும் கண்ணாடியையும் பார்த்துவிட்டு வாருங்கள்.