மாமனாரின் சவரக் கத்தியும் ஒரு கோணி ஊசியும்

அரைகுறையாகத் தெரிந்தவன் வாயை மூடிக்கொண்டிருந்தாலே உலகத்தில் பாதி நஷ்டம் குறையும். நான் மூடவில்லை. நஷ்டம் என் மாமனாருக்கு.

காவலூரைத் தாண்டி மலைமேல் என் மனைவியின் வீடு. தலைதீபாவளிக்கு இரண்டு நாள் முன்பே போய்விட்டோம். காலையில் மாமனார் வாசலில் கண்ணாடியை மாட்டி முகம் மழித்துக்கொண்டிருந்தார். கையில் பழைய மடக்குக் கத்தி. மஞ்சளும் பழுப்புமாகத் திட்டுத் திட்டாக மின்னும் கைப்பிடி. அவருக்கு மீசை அரும்பியபோது அவருடைய அப்பா கொடுத்ததாம். அன்றிலிருந்து வேறு கத்தி அந்த முகத்தில் பட்டதில்லை.

பழைய சவரக் கத்திகளைப் பற்றி ஃபோனில் நாலு வீடியோ பார்த்திருந்தேன் (நாலாவது பாதிதான்). அந்தக் காலத்தில் கைப்பிடியை ஆமை ஓட்டில் செய்வார்களாம். வெயிலில் பிடித்தால் அசல் ஓட்டில் நிறம் பொடிப் புள்ளிகளாகத் தெரியும். போலியில் சாயம் தீற்றலாக ஓடும். வாங்கிப் பிடித்துப் பார்த்தேன். புள்ளிகள்! (சோப்பு காய்ந்த தடம் என்று யார் கண்டது?)

"மாமா, இது அசல் ஆமை ஓடு!" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினேன்.

உள்ளே கரண்டி விழுந்தது. மாமியார் ஓடி வந்தார்.

"இன்னா ஓடுன்னீங்க மாப்ள?"

"ஆமை ஓடு, அத்தை."

"ஐயையோ! ஆமை பூந்த வூடும் அமீனா பூந்த வூடும் உருப்படுமா? அதான் புளி காய்க்கல. அதான் மாடு செத்துது. அந்தக் கருமத்தப் பள்ளத்துல வீசிட்டு வாங்க!"

"எங்கப்பா குடுத்ததுடி" என்றார் மாமனார்.

"வூட்டுக்கு ஆவாதத யாரு குடுத்தா இன்னா?"

மாமனார் என் பக்கம் திரும்பினார். "மாப்ள, இல்லன்னு சொல்லிடுங்களேன்."

சொல்லியிருக்கலாம். ஒரு பொய்யோடு போயிருக்கும். நானோ நிரூபித்தே தீருவேன் என்று கிளம்பினேன். சூடான ஊசியால் தொட்டால் அசல் ஓடு முடி கருகும் நாற்றம் அடிக்கும். போலியானால் கற்பூர வாசனை வரும் (அந்தக் காலத்துப் போலியில் கற்பூரம் கலப்பார்களாம்). கற்பூர மணம் வந்தால் கத்தி பிழைத்துவிடும்.

"சும்மா இருங்களேன்" என்று மனைவி சட்டையைப் பிடித்து இழுத்தாள். வீட்டில் அகப்பட்டது புளி மூட்டை தைக்கும் கோணி ஊசி. அடுப்பில் செக்கச் செவேலென்று காய்ச்சிக் கைப்பிடியில் வைத்தேன்.

கற்பூரமேதான்! மணம் மூக்கில் ஏறியதும் மாமியார் பழக்க தோஷத்தில் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "போலிதான் அத்தை, போலிதான்!" என்று நான் குதித்துக்கொண்டிருக்கும்போதே கைப்பிடி குப்பென்று பற்றிக்கொண்டது. அந்தப் போலி ஓடும் கற்பூரம் போலவே எரியும் என்பது வீடியோவின் மறுபாதியில் இருந்திருக்கிறது. குடத்துத் தண்ணீரைக் கொட்டுவதற்குள் இரும்பு மட்டும் மிஞ்சியது. (தலைதீபாவளிக்கு நான் கொளுத்தியது அது ஒன்றுதான்.)

மாமனார் திட்டவில்லை. கறுத்த இரும்பை வேட்டி முனையால் துடைத்தார். "பரவால்ல மாப்ள. ஆமை இல்லன்னு தெரிஞ்சிதே, அது போதும்" என்றார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு அன்றே ஆறியிருக்கும். இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

நான் வாங்கிக் கொடுத்த ரேசர்கள் பிரிக்கப்படாமல் அலமாரியில் கிடக்கின்றன. மாமனார் தாடி வளர்த்துவிட்டார். கோயிலில் யாராவது "இன்னா வேண்டுதலுங்க?" என்று கேட்டால் மாமியார் முந்திக்கொள்கிறார்: "எங்க மாப்ள ஃபோன் பாக்கறத நிறுத்தணும்னுதாங்க."

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்துவைப்பேன். மாமனார் மட்டும் தாடியைத் தடவிக்கொள்வார்.