பத்துக்கு ஆறு: ஒரு மறுமதிப்பீட்டு விண்ணப்பம்

போபோடி, புனே.
வெள்ளிக்கிழமை, காலை.

‘கட்டைவிரல்’ வீடியோ கேம் விமர்சன இணைய இதழின் ஆசிரியரும், ‘அணைக்காவல்’ விளையாட்டுக்குப் பத்துக்கு ஆறு மதிப்பெண் வழங்கியவருமான திரு. இர்பான் அவர்களின் சமூகத்துக்கு, முன்பின் அறிமுகமில்லாத கோவிந்தராஜன் வணக்கம் சொல்லி எழுதுவது. தாங்களும் தங்கள் வீட்டாரும் சௌக்கியமாக இருக்க வேண்டும். நாள் முழுக்க விளையாடுவதே தங்கள் உத்தியோகம் என்பதால் கண்ணும் இரண்டு கட்டைவிரல்களும் தனியாக சௌக்கியமாக இருக்க வேண்டும் என்றும் வேண்டிக்கொள்கிறேன். இங்கே மழை. மற்றபடி நலம்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. கட்கியில் ஒரு தொழிற்சாலையில் முப்பத்தாறு வருடம் தரப் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவன். தாங்கள் ஆறு போட்ட அந்த விளையாட்டை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை வகித்த பார்கவி என் மகள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் தொழிற்சாலையில் சொந்தக்காரன் லேத்தில் கடைந்த பாகம் என்றால் அந்தப் பெட்டியை வேறு பரிசோதகரிடம் தள்ளிவிட வேண்டும், அதுதான் முறை. அந்த முறையை மீறித்தான் இந்தக் கடிதம்.

தங்கள் விமர்சனம் வெளியான அன்று நடந்ததைச் சொல்ல வேண்டும். பார்கவி ஆபீஸ் போயிருந்தாள். நானே கைபேசியில் தேடிப் பிடித்துப் படித்தேன். கடைசியில் 6/10 என்று பெரிதாகப் போட்டிருந்தது. பத்துக்கு ஆறு என்றால் நூற்றுக்கு அறுபது, அறுபது என்றால் முதல் வகுப்பு. நான் டிப்ளமாவில் வாங்கியது நாற்பத்தெட்டு, எங்கள் குடும்பத்தில் முதல் வகுப்பைக் கண்ணால் பார்த்தவர்களே குறைவு. உடனே குடையை எடுத்துக்கொண்டு கட்கி பஜாருக்குப் போய் ஒரு கிலோ பேடா வாங்கி, எங்கள் கட்டடத்தில் பதினான்கு வீட்டுக்கும் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். எதிர் வீட்டு ராஜஸ்ரீ, வங்கியில் அதிகாரி, “அபினந்தன், காகா! பார்கவிலா சாங்கா!” என்று மராத்தியில் வாழ்த்தி, பார்கவியிடமும் சொல்லச் சொல்லி, சாயங்காலம் படியேறி வந்த பார்கவியை வழியிலேயே மடக்கிக் கட்டிப்பிடித்துக்கொண்டார். உள்ளே வந்த பெண்ணுக்குக் கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. ஆபீசிலேயே அழுதிருக்கிறாள்.

“க்யா அப்பா நீங்க! யாரு உங்கள பேடா குடுக்கச் சொன்னது?”

“ஃபர்ஸ்ட் கிளாஸ் ஆச்சேம்மா.”

“கேம்ல ஆறுன்னா ஃபெயிலுப்பா!”

அன்று முதல் எனக்கு வேறு எதிலும் மனம் செல்லவில்லை. ஆறு எப்படி ஃபெயில் ஆகும்? ஐயா, தங்கள் இதழில் இதுவரை வந்த நூற்று அறுபத்திரண்டு விமர்சனங்களையும் ஒரு நோட்டில் கோடு போட்டு எழுதிப் பார்த்தேன். ஐந்துக்குக் கீழே வாங்கியவை மொத்தமே மூன்று. ஏழிலும் எட்டிலும் ஒரே நெரிசல். பத்து மாடிக் கட்டடம் கட்டிவிட்டு, கீழ் நான்கு மாடியைப் பூட்டி வைத்து, எல்லோரையும் மேலேயே குடிவைத்திருக்கிறீர்கள். ஏன்? அத்தனை மோசமான விளையாட்டுகளை யாரும் செய்வதில்லையா, செய்தாலும் தாங்கள் எடுத்து விளையாடுவதில்லையா? எண்ணை முதலில் தீர்மானித்துவிட்டு அதற்கேற்றபடி எழுதுவீர்களா, எழுதி முடித்துவிட்டு எண்ணைத் தேடுவீர்களா? காலையில் எட்டு போட்டுவிட்டு, சாப்பாட்டுக்குப் பிறகு ஏழரை என்று தோன்றியதுண்டா? கம்பெனிக்காரர்கள் வெளியீட்டுக்கு முன்பே விளையாட்டை இலவசமாக அனுப்புகிறார்களாமே, கூடவே சட்டை, தொப்பி எல்லாம் வருமாமே, உண்மையா? தொழிற்சாலையில் எங்களுக்கு யாராவது ஒரு கட்டிங் சாய், அதாவது அரை கிளாஸ் டீ, வாங்கிக் கொடுத்தாலே விசாரணை வரும். தப்பாக நினைக்க வேண்டாம், தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். என் உத்தியோகத்தில் எண்ணே கிடையாது. ‘கோ-நோகோ கேஜ்’ என்று ஓர் உருக்குத் துண்டு இருக்கும். அதன் ஒரு முனை துளைக்குள் போக வேண்டும், மறுமுனை போகக் கூடாது. அப்படி இருந்தால் பாஸ், இல்லாவிட்டால் சிவப்பு முத்திரை. ஒரு துளையைப் பார்த்து இது ஆறு, அது ஏழரை என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை.

இன்னொரு சந்தேகம். வேறொரு தளத்தில் ஒருவர் இதே விளையாட்டை மூன்று பத்தி திட்டிவிட்டு எட்டு போட்டிருக்கிறார். தாங்களோ விளையாட்டில் வரும் மழையை இரண்டு பத்தி புகழ்ந்துவிட்டு, “கடைசி ஒரு மணி நேரம் சரியாக முடிக்கப்படவில்லை” என்று ஒரே ஒரு வரி எழுதி ஆறு போட்டிருக்கிறீர்கள். அந்த ஒரு வரிக்கு எத்தனை கழித்தீர்கள், மழைக்கு எத்தனை கூட்டினீர்கள் என்று எங்குமே இல்லை. அதனால் பொருளைப் பார்க்காமல் பேசக் கூடாது என்று நானே விளையாட உட்கார்ந்தேன். தினமும் பார்கவி ஆபீஸ் கிளம்பியதும் டிவியைப் போட்டு, கன்ட்ரோலரைக் கையில் எடுத்தால் மத்தியானம் வரை. நேற்றோடு பத்தொன்பது நாள்.

அணையில் ஒரு காவல்காரி, மழை, ஏழு மதகுகள், எதை எப்போது திறப்பது என்பதுதான் விளையாட்டு என்று தங்களுக்குத் தெரியும். இதற்காக பார்கவி ஆறு ஞாயிற்றுக்கிழமை கடக்வாஸ்லாவுக்குப் போய் அணைக்கட்டைப் பார்த்துக்கொண்டு நின்றவள். நான் முதல் நாள் என் பழக்கப்படி, ஏழு மதகும் ஒழுங்காக வேலை செய்கின்றனவா என்று பரிசோதிக்க எல்லாவற்றையும் ஒன்றாகத் திறந்தேன். கீழே இருந்த ஊர் மூழ்கிவிட்டது. மறுபடி ஆரம்பித்து ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன், அப்போதும் மூழ்கியது. காவல்காரியின் அறையில் அலமாரிகள் உண்டே, ஒன்றுவிடாமல் திறந்து மூடிச் சரிபார்த்தேன், அதற்குள் ஊர் மூன்றாவது முறை மூழ்கியது. என் மனைவி பட்டு சாப்பாட்டுக்குக் கூப்பிட வரும்போதெல்லாம், “ஏங்க, இன்னிக்கு எத்தனை ஊரு?” என்று கேட்க ஆரம்பித்துவிட்டாள். சிரிக்கிறாளே தவிர, விளையாட்டில் மழைச் சத்தம் கேட்டு இதுவரை நான்கு முறை பால்கனிக்கு ஓடிக் காய்ந்த துணியை உள்ளே எடுத்துப் போட்டவளும் அவள்தான். இதற்கு அரை மார்க்காவது தனியாகப் போடக் கூடாதா? எட்டு மணி நேரத்தில் முடிகிற விளையாட்டு என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அறுபது மணி நேரம் ஆகிவிட்டது, மதகுக்கு ஒரு கட்டமென்று இருக்கும் ஏழு கட்டத்தில் இன்னும் ஆறாவது மதகில்தான் நிற்கிறேன். தாங்கள் நிஜமாகவே கடைசிவரை விளையாடினீர்களா என்றும் ஒரு சின்ன சந்தேகம் வந்தது, மன்னிக்க வேண்டும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எல்லா விமர்சகர்களும் போட்ட எண்களைக் கூட்டி வகுத்து நூற்றுக்கு இத்தனை என்று காட்டும் ஒரு தளம் இருக்கிறதாம். அங்கே எழுபத்தைந்து வந்தால்தான் பார்கவியின் குழுவுக்கு இரண்டாவது விளையாட்டு, வராவிட்டால் குழுவைக் கலைத்து ஆளுக்கொரு பக்கம் அனுப்பிவிடுவார்கள் என்று கம்பெனி சொல்லியிருக்கிறது. திங்கட்கிழமை கூட்டம், அதற்குள் கிடைக்கட்டும் என்றுதான் தபாலில் போடாமல் கூரியரில் அனுப்புகிறேன். இதுவரை வந்தவை பத்து விமர்சனங்கள், சராசரி எழுபத்து நான்கு. தங்கள் ஆறு ஏழானால் அது எழுபத்தைந்து ஆகிவிடும். ஒரே ஒரு மார்க், ஐயா. நாலு வருடம் அவள் இந்த வேலையைத் தவிர வேறு எதையும் நினைக்கவில்லை. கல்யாணப் பேச்சை எடுத்தால்கூட, “மதகு முடியட்டும்ப்பா” என்றுதான் சொல்வாள்.

பன்னிரண்டாம் வகுப்பில் அவளுக்கு வேதியியலில் குறைந்தபோது மறுமதிப்பீட்டுக்கு எழுதிப் போட்டு மூன்று மார்க் வாங்கிக் கொடுத்தவன் நான். அதே முறைப்படி இந்த விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்கிறேன். இணைப்பு: தங்கள் விமர்சனத்தின் நகல், ராஜஸ்ரீயின் சான்றொப்பத்துடன். “காகா, ஹே காய்?”, இது என்ன என்று அவர் இரண்டு தடவை கேட்டார், ஆனாலும் கையெழுத்துப் போட்டார். தங்கள் அலுவலகத்தில் இதற்கென்று தனிப் படிவம் இருந்தால் தெரிவிக்கவும், பூர்த்தி செய்து அனுப்புகிறேன். பார்கவிக்கு இதெல்லாம் தெரியாது. அவளுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும் என்பதால் கடிதத்தை மேஜைமேலேயே வைத்துத் தைரியமாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

தங்கள் இதழ் நீடூழி வளர வேண்டும். தாங்கள் இனி விளையாடும் விளையாட்டுகளில் எந்த ஊரும் மூழ்காதிருக்க வேண்டும். வீட்டில் பெரியவர்களுக்கு என் சலாமும் பட்டுவின் விசாரிப்பும்.

இங்ஙனம்,
தங்கள் பதிலை எதிர்நோக்கும்
கோவிந்தராஜன்

பி.கு.: இன்று சனிக்கிழமை. உறையை ஒட்டுவதற்கு முன் ஏழாவது மதகையும் பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்து, ஒரு வழியாக அங்கே போய்ச் சேர்ந்துவிட்டேன். கரையோரத்துச் சனங்களை ஏற்றிக்கொண்டு ஒரு படகு வர வேண்டும். வந்தது. தண்ணீருக்கு மேலே அல்ல, அடியில். படகோட்டி ஆற்றின் தரையில் துடுப்புப் போட்டுக்கொண்டே போகிறார், சனங்களும் உள்ளே உட்கார்ந்து பேசிக்கொண்டே போகிறார்கள். பதினான்கு முறை திரும்பத் திரும்பச் செய்து பார்த்தேன். பதினான்கு முறையும் அப்படியே. தாங்கள் கடைசிவரை விளையாடியிருக்கிறீர்கள், நான் சந்தேகப்பட்டது தவறு.

பார்கவிக்கு விடுமுறை, வீட்டில்தான் இருந்தாள். கூப்பிட்டேன்.

“அப்பா! இதுவரைக்கும் வந்துட்டீங்களா நீங்க?”

“வந்துட்டேன். படகு அடியில போவுதேம்மா.”

“தெரியும்ப்பா. ரெண்டு மாசம் டைம் கேட்டேன். ரெண்டு வாரம்தான் குடுத்தாங்க.” அந்தப் படகு போய் மறையும்வரை டிவியைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: “நீங்க எத்தனை போடுவீங்க? அப்பாவா சொல்லக் கூடாது. இன்ஸ்பெக்டரா சொல்லுங்க.”

நான் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பொருளுக்கு எண் போட வேண்டியிருந்தது. கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு வெகுநேரம் யோசித்தேன். மழையை நினைத்தேன், பட்டு துணி எடுக்க ஓடியதை நினைத்தேன், அந்தப் படகையும் நினைத்தேன். ஏழு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆறு என்றேன்.

“பெத்த பொண்ணுக்கு ஆறா!” என்று பட்டு சமையலறையிலிருந்து கத்தினாள். பார்கவி அழவில்லை. ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, “மீதி நாலு எங்க போச்சு? ஒண்ணொண்ணா சொல்லுங்க” என்றாள். சொன்னேன். சாப்பாடு ஆறிப்போகும்வரை எழுதிக்கொண்டாள். ஆறு வருடமாக இந்த உத்தியோகம் பார்க்கிறாள், அவள் என்ன வேலை செய்கிறாள் என்று இன்றைக்குத்தான் எனக்கு முழுதாகப் புரிந்தது. திங்கட்கிழமை அந்த நோட்டோடு போய், விமர்சனம் சொன்னது சரிதான், இரண்டாவது விளையாட்டு இருக்கட்டும், முதலில் இதைச் சரிசெய்ய இரண்டு மாதம் கொடுங்கள் என்று கேட்கப் போகிறாளாம். கொடுப்பார்களா, குழுவையே கலைத்துவிடுவார்களா தெரியாது. எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது.

ஆகவே மேற்படி விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். கடிதத்தை மட்டும், இத்தனை தூரம் எழுதிவிட்ட காரணத்தால், அனுப்புகிறேன். ஆறு ஆறாகவே இருக்கட்டும். ஏழாக்கித் தரச் சொல்லி யார் வந்து கேட்டாலும், அந்தப் பெண்ணின் அப்பாவே வந்து கேட்டாலும், தயவுசெய்து மாற்றிவிடாதீர்கள்.