அப்புறம் அக்காவின் பாதிக் கமிஷன்

விழுப்புரம், திண்டிவனம் சுற்றுவட்டாரத்தில் எந்த வீட்டு அடுக்களையில் எந்த டப்பாவுக்குள் என்ன இருக்கிறது என்று அந்த வீட்டுக்காரிக்கே மறந்து போகலாம். எங்கள் 'அப்புறம்' அக்காவுக்கு மறக்காது. கண்டமங்கலத்தில் உட்கார்ந்துகொண்டே திண்டிவனத்து டீச்சருக்குப் போன் போட்டு, "உளுத்தம்பருப்பைத் தேடாத, நீல மூடி டப்பாவுக்குப் பின்னாடி இருக்குது" என்று சொன்னதை என் இரண்டு காதாலும் கேட்டிருக்கிறேன்.

நாங்கள் இருவரும் ஒரு கம்பெனியின் பிளாஸ்டிக் டப்பா விற்றோம். கடையில் இல்லை, வீட்டில். யாராவது ஒரு அம்மா தன் வீட்டில் இடம் கொடுப்பார். அக்கம்பக்கத்துப் பெண்கள் பத்துப் பதினைந்து பேர் வருவார்கள். ஒரு தட்டு சுண்டல், ஒரு டம்ளர் டீ. நடுவில் நாங்கள் நின்று மூடியைத் திறந்து காட்டி, மூடிக் காட்டி, தண்ணீர் ஊற்றிக் கவிழ்த்துக் காட்டி ஆர்டர் பிடிப்போம். இதற்குப் பெயர் பார்ட்டி. விற்றதற்குக் கமிஷன் உண்டு. மூன்று மாதம் தொடர்ந்து டார்கெட் எட்டாவிட்டால் கம்பெனி லிஸ்டிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள்.

அக்காவின் நிஜப் பெயர் எங்கள் டீமில் பாதிப் பேருக்குத் தெரியாது. யார் எதைச் சொன்னாலும் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு "அப்புறம்?" என்பார். கரண்ட் பில் கட்டப் போனேன் என்றால் கூட "அப்புறம்?"தான். இப்படிப்பட்டவர் விற்பனைக்கு வந்தால் என்ன ஆகும்? ஒரு பெண் ஆசையாக ஒரு டப்பாவைக் கையில் எடுப்பாள். "இதுல இன்னா போடப் போற?" என்பார் அக்கா. "எதனா போடலாம் அக்கா" என்று சொன்னால் போச்சு. டப்பாவைத் திருப்பி வாங்கி வைத்துவிடுவார். "எதனான்னா எப்படி? வீட்டுக்குப் போயி யோசிச்சிக்கினு வா." எங்கள் டீம் லீடர் மேடம் இதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொள்வார்.

ஒரு முறை மேல்சித்தாமூரில் ஒரு சமணக் குடும்பத்தின் வீட்டுக்கு வெங்காய, உருளைக்கிழங்குக் கூடையை விற்கப் போனார். மண்ணுக்குக் கீழே விளைகிற கிழங்கெல்லாம் நாங்கள் சாப்பிடுவதில்லை என்று அந்த வீட்டம்மா மரியாதையாகச் சொல்லிவிட்டார். வேறு யாராக இருந்தாலும் கும்பிடு போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போயிருப்பார்கள். அக்கா சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். "அப்போ மல்லாட்டை? அதுவும் மண்ணுக்குக் கீழதானே காய்க்குது?" அந்த அம்மா சிரித்துக்கொண்டே, "வேர்க்கடலைங்களா? அது வேர் இல்லீங்க, காய். விதைக் கணக்குல சேரும்" என்றார். "பூ மேல பூக்குது, காய் மட்டும் ஏன் கீழ போவுது?" மூன்று மணி நேரம். ஒரு டப்பா கூட விற்காமல், வீடு திரும்பும் பஸ்ஸையும் விட்டுவிட்டு, அந்த வீட்டிலேயே அவர்கள் வழக்கப்படி பொழுது சாய்வதற்குள் சாப்பாட்டையும் முடித்துக்கொண்டு, மறுநாள் வந்து "செம பார்ட்டிமா!" என்றார்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஒருத்தி பேசி வைத்த பார்ட்டிக்கு அவளால் போக முடியாவிட்டால் இன்னொருத்தி போவாள். ஆர்டர், பேசி வைத்தவள் பெயரில்தான் ஏறும். கமிஷனில் பேசி வைத்தவளுக்குப் பாதி, நின்று விற்றவளுக்குப் பாதி. அக்காவிடம் இதில் ஒரு கூடுதல் நிபந்தனை. "காசு பாதி போதும். கதை முழுசா வேணும்." யார் எங்கே உட்கார்ந்தார்கள், யார் முதலில் டீ எடுத்தார்கள், யார் யாரோடு பேசவில்லை, எல்லாம் ஒப்பிக்க வேண்டும். எங்கள் டீமில் ஒருத்தி, "முழுக் கமிஷனையும் நீயே வெச்சிக்க அக்கா, என்னை வுட்டுடு" என்று கும்பிட்டே விட்டாள்.

இந்த மனுஷிக்குத்தான் நான் துரோகம் செய்தேன்.

அக்காவுக்குப் பாண்டிச்சேரியில் கண் ஆபரேஷன். அதே நாளில் திண்டிவனத்து டீச்சர் வீட்டில் அவர் பேசி வைத்த பார்ட்டி. என்னைப் போகச் சொன்னார். அது எங்கள் இருவருக்குமே மூன்றாவது மாதம், இருவருமே டார்கெட்டின் பக்கத்தில் கூடப் போகவில்லை. "இந்த மாசத்தோட டப்பாவை மூட்டை கட்டிடு" என்று என் வீட்டுக்காரர் வேறு சொல்லியிருந்தார். எனக்கு வீட்டை விட்டு வெளியே போய்வர இருந்த ஒரே சாக்கு அந்த டப்பாதான்.

பார்ட்டி என்றால் அப்படி ஒரு பார்ட்டி! இருபத்திரண்டு பேர். சுண்டல் பத்தவில்லை. நான் வாயைத் திறந்தால் ஆர்டர். அந்த ஒரு பார்ட்டியே ஒருத்தியின் டார்கெட்டைத் தாண்டிவிட்டது. ஒருத்தியின் டார்கெட்டை மட்டும்தான். போன் ஆப்பில் பெயர் கேட்கிற இடத்தில் என் விரல் கொஞ்ச நேரம் நின்றது. அப்புறம் என் பெயரை அழுத்திவிட்டேன். டீச்சர் ஒரு வார்த்தை பேசினால் குட்டு உடைந்துவிடும் என்கிற சின்ன புத்தி கூட அந்த நேரத்தில் இல்லை. வெட்கமாகத்தான் இருக்கிறது, என்ன செய்ய?

இரண்டு நாள் கழித்துக் கண்டமங்கலத்துக்குப் போனேன். அக்கா கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கட்டிலில் சாய்ந்திருந்தார்.

"வா வா! கண்ணை மூடிக்கினு கேக்கறேன், நல்லா விவரமா சொல்லு."

"ஒரே மழை, அக்கா. நாலு பேர்தான் வந்தாங்க. ஆர்டரே ஆவலை."

"அடடே. எந்த நாலு பேரு?"

வாயில் வந்ததைச் சொன்னேன். "ஒரு பால்காரம்மா வந்தாங்க..."

"பால்காரம்மாவா! அந்த மழையில மாட்டை எங்க கட்டிட்டு வந்தாங்க?"

"மாட்டுக் கொட்டாய் ஒழுவுதுன்னு... டீச்சர் வீட்டு வராந்தாவுலயே கட்டிட்டாங்க."

"டைல்ஸ் தரையாச்சே, வழுக்காதா? அப்புறம்?"

சாமி சத்தியமாக நான் அந்த மாட்டை உள்ளே கொண்டுவர நினைக்கவே இல்லை. அக்கா கேட்கக் கேட்க அது தானாக வந்துவிட்டது. கயிற்றை அவிழ்த்துக்கொண்டது, ஹாலுக்குள் தலையை நீட்டியது, சோபா மேல் இருந்த கேட்லாக்கைத் தின்றுவிட்டது. அதனால்தான் ஆர்டர் எடுக்க முடியவில்லை.

"கேட்லாக்கையா! எந்தப் பக்கத்தை?"

"வாட்டர் பாட்டில் பக்கத்தை."

அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால், முகத்தை மேலே தூக்கி வைத்துக்கொண்டு சிரித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"மாடு ரொம்ப நல்லா இருந்துச்சுமா. ஆனா நான் ஆஸ்பத்திரியில படுத்துக்கினே பூரா பார்ட்டியையும் கேட்டுட்டேன். டீச்சர் போனை ஸ்பீக்கர்ல போட்டு ஃப்ரிட்ஜ் மேல வெச்சிருந்தாங்க. நீ நல்லாத்தான் பேசின."

ஆர்டரை என் பெயரில் ஏற்றிவிட்டதை ஒப்புக்கொண்டேன். அழுதேன். ஆர்டரைப் பெயர் மாற்ற முடியுமா என்று அங்கேயே மேடத்துக்குப் போன் போட்டேன். ஏற்றியது ஏற்றியதுதான், மாற்ற முடியாது என்றார். கமிஷன் முழுவதையும் கொடுத்துவிடுகிறேன் என்று அக்காவின் காலடியில் உட்கார்ந்தேன்.

"முழுசு எதுக்கு? நின்னு பேசினது நீதானே. பாதி குடு, அதான் என்னுது" என்றார். திட்டியிருந்தால் கூட அவ்வளவு வலித்திருக்காது. "அது கெடக்கட்டும். யாரோ ஒரு டப்பா மூடியை டப்பு டப்புன்னு திறந்து திறந்து மூடிக்கினே இருந்தாங்களே, யாரது? ரெண்டு நாளா அதுவே மண்டைக்குள்ள ஓடிக்கினு இருக்குது."

யோசித்தேன். வாசல் ஓரமாக ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். மரக்காணம் பக்கத்துக் குப்பத்திலிருந்து டீச்சர் தெருவுக்கு மீன் கொண்டு வருகிறவர். ஒரு பெரிய டப்பாவைத் திறந்து திறந்து பார்த்துவிட்டு, வாங்காமல் போய்விட்டார்.

"எதனா கேட்டாங்களா?"

"கருவாடு போட்டா வாசனை வெளிய வருமான்னு கேட்டாங்க. வராதுன்னு சொன்னேன்."

"வராதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"கேட்லாக்குல போட்டிருக்குதே."

"கருவாடுன்னு போட்டிருக்குதா?"

போடவில்லை. அக்கா எழுந்து உட்கார்ந்துவிட்டார். மாதம் முடிய மூன்று நாள் பாக்கி. பெயர் போகப் போகிறது. அந்தக் கவலையே அவர் முகத்தில் இல்லை, கருவாட்டுக் கவலைதான் இருந்தது.

மறுநாள் விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில், கறுப்புக் கண்ணாடியும் கையில் டப்பாவுமாக வந்து நின்றார். டப்பாவுக்குள் கழுத்து வரை நெத்திலிக் கருவாடு. திண்டிவனம் பஸ்ஸில் நட்ட நடு சீட்டில் உட்கார்ந்தோம். விக்கிரவாண்டி தாண்டியது. ஒருவர் கூட மூக்கைச் சுளிக்கவில்லை. டப்பா ஜெயித்துவிட்டது! பேசாமல் இருந்திருக்கலாம். அக்காவால் முடியுமா? கூட்டேரிப்பட்டு நெருங்கும்போது முன் சீட்டுக்காரரின் தோளைத் தட்டினார்.

"ஏங்க, எதனா வாசனை வருதுங்களா?"

"இன்னா வாசனை?"

"கருவாடு."

அவ்வளவுதான். அவர் கைக்குட்டையை எடுத்தார். பக்கத்துச் சீட்டு அம்மாவுக்குக் குமட்டியது. "நானும் விழுப்புரத்துலேர்ந்து பார்த்துக்கினுதான் வர்றேன், ஒரே பேஜாரு" என்றார் கடைசி சீட்டுப் பெரியவர். கண்டக்டர் ஓடி வந்து, "யாரும்மா பஸ்ஸுல கருவாடு ஏத்தினது? ஜல்தி எறங்கு!" என்று கூட்டேரிப்பட்டில் இறக்கிவிட்டுவிட்டார்.

எனக்கு மானம் போயிற்று. அக்காவுக்கோ ஆனந்தம் தாங்கவில்லை. "பார்த்தியா? கேக்காத வரைக்கும் யாருக்கும் வரலை. கேட்டதும் எல்லாருக்கும் வந்துடுச்சு!" ஷேர் ஆட்டோ பிடித்துத் திண்டிவனம் போய், அந்த மீன்கார அம்மாவைத் தேடிப் பிடித்து, இதையே ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். அந்த அம்மா விழுந்து விழுந்து சிரித்துவிட்டு ஒரு டப்பா வாங்கினார். ஒரே ஒரு டப்பா.

ஒன்றாம் தேதி அக்காவின் பெயரை எடுத்துவிட்டார்கள். என் பெயர் இருந்தது. போனில் எங்கள் டீம் குரூப்பில் எல்லாரும் எனக்குக் கைதட்டும் பொம்மை அனுப்பினார்கள்.

அடுத்த பார்ட்டிக்கு அக்காவைக் கூட்டிக்கொண்டு போனேன். அதற்கடுத்ததற்கும். நான் டப்பாவைக் காட்டுவேன், அவர் கேள்வி கேட்பார், கமிஷன் பாதிப் பாதி. பெண்கள் என்னைப் பார்த்து "வாங்க" என்பார்கள். அவரைப் பார்த்து நாற்காலியை இழுத்துப் போடுவார்கள். தன் வீட்டில் யாரும் கேட்காததை எல்லாம் ஒருத்தி வந்து கேட்டால் யாருக்குத்தான் பிடிக்காது?

இந்த வருஷம் மறுபடியும் எனக்கு ஒரு மூன்றாவது மாதம் வந்தது. மாதக் கடைசிப் பார்ட்டி அன்றைக்குப் பார்த்து நூற்றிரண்டு டிகிரி காய்ச்சல். எனக்குப் பதிலாக அக்கா தனியாகப் போனார். மறுநாள் காலையில் என் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, வந்த பதினெட்டுப் பேர் கதையையும் ஒன்று விடாமல் சொன்னார். இரண்டு மணி நேரம். காய்ச்சல் விட்டது கூடத் தெரியாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"ஆர்டர் எவ்வளவுக்கா?"

அக்கா வாயில் கை வைத்தார். "ஐயையோ! எல்லாத்தையும் கேட்டேன், அதை மட்டும் கேக்கலியேமா!"

எனக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். சிரிப்புதான் வந்தது. அடுத்த ஒன்றாம் தேதி என் பெயரையும் எடுத்துவிட்டார்கள். கமிஷன் பூஜ்யம், அதையும் நியாயமாக ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டோம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை டீச்சர் வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் இருவரிடமும் விற்பதற்கு ஒரு மூடி கூட இல்லை. "என்ன சாக்கு வெச்சிக்கினு போறீங்க?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். அக்காவோடு போகிறேன் என்றேன்.