பின்னால் போகாத வண்டி

அன்றைக்கு அங்கே இருந்தவர்கள்: ஜாடிப் பட்டறை முதலாளி கலியபெருமாள். அவர் சம்சாரம் தனம்மாள், கையில் ஆரத்தித் தட்டு. அவர்களுடைய இரண்டு பையன்கள், புதுச்சட்டையில். மேஸ்திரி வைத்திலிங்கம். பட்டறை ஆட்கள், ஆம்பளை ஆறு பேர், பொம்பளை எட்டுப் பேர். அந்த எட்டுப் பேரில் ஒருத்தி மேஸ்திரி மகள் சரோஜா. அப்புறம் ஒரு கார். காருக்குள் நான்.

மானம் போவதற்கு இவ்வளவு கூட்டம் தேவையில்லை. ஆனால் வந்துவிட்டார்கள்.

என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கம்பெனி கிடையாது. விருத்தாசலம் பக்கம் யாராவது மெட்ராஸில் பழைய கார் வாங்கினால் ரயிலேறிப் போவேன். காரை ஓட்டி வந்து அவர் வாசலில் விடுவேன். சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு நடந்து போவேன். (வரும்போது கார், போகும்போது கால்.)

அறுபத்தொன்பது வாக்கில் சரோஜாவைப் பெண் கேட்டிருந்தோம். மேஸ்திரி பிடி கொடுக்கவில்லை.

"ஊரான் காரைக் கொண்டாந்து வுடறதெல்லாம் ஒரு பொழப்பா?" என்று என் அண்ணனிடம் கேட்டார். அண்ணன் விடவில்லை. மூன்றாம் தடவை போனபோது, "சரி, எங்க முதலாளி கார் வாங்குறாரு. உன் தம்பியே கொண்டாரட்டும். எப்படிக் கொண்டாரான்னு பாத்துட்டுச் சொல்றேன்" என்றார்.

அதனால்தான் இத்தனை விவரமாகச் சொல்கிறேன். அது கார் விஷயம் மட்டும் இல்லை.

டெலிவரி டிரைவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. வாங்கினவர் வீட்டில் பூசை போடும்வரை வண்டியைப் பின்னால் எடுக்கக் கூடாது. எடுத்தால் வாங்கினவருக்கு ஆகாது. எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தவர் எதைச் சொன்னாரோ இல்லையோ, இதைச் சொன்னார். நானும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

மெட்ராஸ் புரோக்கர் காரைத் தெருவைப் பார்த்தே நிறுத்தி வைத்திருந்தார். பரவாயில்லை, முறை தெரிந்த ஆள் என்று நினைத்தேன். (நினைப்பைப் பாருங்கள்.)

விடியுமுன் கிளம்பினேன். திண்டிவனம் பெட்ரோல் பங்கில், "கொஞ்சம் பின்னால எடுங்க" என்றான் பம்பு அடிக்கிறவன். நான் ரோட்டுக்குப் போய், ஒரு சுற்றுச் சுற்றி வந்து, சரியாக நின்றேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். விழுப்புரத்தில் இட்லி தின்ன இறங்கியபோதும் ரோட்டைப் பார்த்தே நிறுத்தினேன். உளுந்தூர்ப்பேட்டை தாண்டி ஒரு குறுகல் பாலம். நடுவில் எதிரே லாரி. இரண்டு பேரில் ஒருத்தர் பின்னால் போக வேண்டும்.

"யோவ், சின்ன வண்டிதானே. எடுய்யா பின்னால!"

"டெலிவரி வண்டிண்ணே. இன்னும் பூசை போடல."

லாரிக்காரர் முகம் மாறிவிட்டது. "அத மொதல்லயே சொல்றதுக்கென்னா?" என்று பாலம் முழுக்க லாரியைப் பின்னால் எடுத்துக் கொடுத்தார். போகும்போது ஒரு கும்பிடும் போட்டார். எனக்குப் பெருமையாக இருந்தது.

பத்தரைக்கு விருத்தாசலம். அன்று புதன்கிழமை, பன்னிரண்டு மணிக்கு ராகு காலம். அதற்குள் பூசை முடித்து கொளஞ்சியப்பர் கோயிலுக்குக் கிளம்பிவிட வேண்டும்.

முதலாளி வீடு ஒரு சந்துக்குள். ரோட்டிலிருந்து இறக்கமாகப் போகும். இரண்டு பக்கமும் சுவர், கார் நுழைந்தால் கதவு பாதிதான் திறக்கும். சந்து முடிகிற இடத்தில் கீற்றுப் படல். படலுக்கு அந்தப் பக்கம் பட்டறைக் களம், ஜாடி காய்கிற இடம். களத்தைத் தாண்டினால் மாட்டுவண்டி வாசல், மறுபடி ரோடு.

நேராகப் போய் வீட்டு வாசலில் நிறுத்தினேன். ஆரத்தி ஆச்சு. பூசணிக்காய் உடைச்சாச்சு. நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். முன்னால் எடுத்து நசுக்கினேன். காரின் மூக்குக்கும் படலுக்கும் நடுவே ஆள் நிற்கத்தான் இடம். குடும்பம் ஏறி உட்கார்ந்தது.

"எடுப்பா" என்றார் முதலாளி.

இனி பின்னால் எடுக்கலாம். கியர் கம்பியை இழுத்துப் போட்டேன். கர்ர்ர் என்றது. விழவில்லை. இன்னொரு தடவை. கர்ர்ர். இறங்கிப் பார்த்தேன். (என்னத்தைப் பார்த்தேன் என்று கேட்காதீர்கள். எல்லோரும் இறங்கிப் பார்ப்பார்கள், நானும் பார்த்தேன்.) திரும்ப ஏறிப் போட்டேன். கர்ர்ர்.

"என்னாப்பா?"

"ரிவர்ஸ் இல்லீங்க."

"இல்லைன்னா?"

"இல்லீங்க."

மேஸ்திரி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

தள்ளிப் பார்த்தார்கள். ஆள் இருந்து என்ன, காரின் முன்னால் நிற்க மூன்று பேருக்குத்தான் இடம். மேடு வேறு. நாலடி ஏறியது, நாலடி இறங்கியது. தனம்மாள் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்.

"பூசை போட்ட வண்டிய பின்னால தள்ளிக்கிட்டா கோயிலுக்குப் போறது? ஊரு சிரிக்கும். நான் எறங்க மாட்டேன்."

"முதல்ல அந்தப் புரோக்கர் பேருல கொளஞ்சியப்பர்கிட்ட பிராது எழுதிக் கட்டணும்" என்றார் முதலாளி. (எங்கள் பக்கம் போலீஸுக்கு முன்னால் சாமியிடம்தான் மனு.) அது சரி, பிராது கட்டக் கோயிலுக்குப் போயாக வேண்டுமே.

பின்னால் வழியில்லை. முன்னால் களம். களம் முழுக்கப் பச்சை ஜாடி. சூளைக்குப் போகாத, ஈரம் போகாத ஜாடி. விரல் பட்டால் விரல் தடம் விழும்.

மேஸ்திரி முதலாளியைப் பார்த்தார். முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார்.

"நவுத்துங்க" என்றார் முதலாளி.

படலைப் பிரித்தார்கள். ஆட்கள் ஜாடியை ஒவ்வொன்றாக, தூங்குகிற பிள்ளையைத் தூக்குவது மாதிரி தூக்கி ஓரம் வைத்தார்கள். நான் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு வேறு வேலை இல்லை. சரோஜா ஒரு ஜாடியை ஏந்திக்கொண்டு ஜன்னல் பக்கம் வந்தாள்.

"மெட்ராஸ்லேருந்து ஒரு தடவைகூடவா பின்னால போவல?"

"டெலிவரி வண்டி" என்றேன்.

"ம்" என்றாள். அதுதான் நாங்கள் பேசின முதல் பேச்சு.

ஒரு காரின் அகலத்துக்கு வழி ஆனது. மேலே ஒரு சாண்கூட இல்லை. மேஸ்திரி காரின் முன்னால் வந்து நின்றார். "அங்க இங்க பாக்காத. என் கையப் பாத்து வா."

என்னைப் பார்த்தபடி அவர் பின்னால் நடந்தார். வண்டிதான் பின்னால் போகவில்லை, மேஸ்திரி போனார். "வா... வா... லெப்ட்டு... வா..." பாதிக் களம் தாண்டிவிட்டோம். அவர் கை நேராகக் காட்டியது. கால் கொஞ்சம் கோணலாகப் போனது. முழங்கால் உயரத்தில் ஒரு ஊறுகாய் ஜாடி அவருக்குப் பின்னால் நின்றது.

உட்கார்ந்தார். அது உடையவில்லை. அவரை வாங்கிக்கொண்டு மெதுவாகச் சப்பையாகிப் போனது. பிடிமானத்துக்குக் கையை நீட்டினார். கைக்குப் பக்கத்து ஜாடி கிடைத்தது. அதுவும் போனது.

நான் பிரேக்கில் ஏறி நின்றேன். கார் அவர் முழங்காலுக்கு ஒரு சாண் முன்னால் நின்றது.

தனம்மாள் "முருகா" என்றார். மேஸ்திரி உட்கார்ந்த மேனிக்குப் பம்பரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். முடிந்தது, இனி அண்ணன் நாலாம் தடவை போக வேண்டாம் என்று நினைத்தேன்.

அப்போது யாரோ சிரித்தார்கள். சரோஜாதான். அப்புறம் களமே சிரித்தது. தூக்கிவிட இரண்டு பேர் வந்தார்கள். எழுந்தார், பின்பக்கம் முழுக்கக் களிமண். திரும்பி நின்று, இந்தத் தடவை முன்னால் பார்த்து நடந்தார். நான் அந்தக் களிமண்ணைப் பார்த்தே ஓட்டினேன். பன்னிரண்டுக்கு முன்னால் ரோட்டுக்கு வந்துவிட்டோம்.

சாயங்காலம் மேஸ்திரி அண்ணனைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"உன் தம்பிக்குப் பின்னால போவத் தெரியல. ஆனா நிறுத்தத் தெரியுது. பொண்ணு குடுக்கலாம்."

அந்த ஆவணியில் கல்யாணம். அதற்கப்புறம் எத்தனையோ கார் கொண்டுவந்தேன். புரோக்கர் முன்னாலேயே ரிவர்ஸ் போட்டுப் பார்த்த பிறகுதான் வண்டியை எடுப்பேன். வழக்கமாவது ஒன்றாவது. எங்கள் வீட்டில் சண்டை வந்து நான் கொஞ்சம் இறங்கிப் போனால், "பரவாயில்ல, இன்னைக்கு ரிவர்ஸ் விழுது" என்பாள் சரோஜா. பிள்ளைகள் சிரிக்கும். எங்கள் வீட்டு ஆட்கள் யாரும் காருக்கு முன்னால் நின்று கை காட்டுவதில்லை.

கதை சொல்லச் சொல்ல ஜாடியும் பெருகிவிட்டது. சரோஜா பத்து என்பாள். முதலாளி பையன்கள் களமே போச்சு என்பார்கள். மாமனார் கடைசிவரை ஒன்றுகூட இல்லை என்றார். பச்சை மண்தானே, மறுநாளே பிசைந்து திரும்பச் செய்தாச்சு, அது நஷ்டத்தில் சேராது என்பது அவர் கணக்கு.

நான் நேருக்கு நேர் பார்த்தவன்.

இரண்டு ஜாடி.