ஒரே ஒரு அங்குலம்

"பாருங்க முடிச்சக்கா, தோள் எப்படி உக்காந்திருக்குன்னு! ஒரு சுருக்கம் இல்ல. உங்க புதுசு கையில ஏதோ மந்திரம் இருக்கு."

டீச்சரம்மா கண்ணாடி முன்னால் முன்னும் பின்னும் திரும்பித் திரும்பித் தன் தோளையே ரசித்துக்கொண்டிருந்தாள். முடிச்சக்கா கையிலிருந்த ஊசியைத் துணியில் நறுக்கென்று குத்தினாள்.

அந்தத் தையல் கடையில் இருபத்திரண்டு வருஷமாகத் தைக்கிறவள் அவள். தைத்து முடித்த ஒவ்வொரு சட்டையிலும் காலருக்கு உள்ளே சிவப்பு நூலில் கடுகளவு ஒரு முடிச்சுப் போட்டுவிடுவாள், 'இது என் கை' என்பதற்கு அடையாளமாக. பெயரும் அதனால் வந்ததுதான். இத்தனை வருஷத்தில் இந்த டீச்சரம்மா ஒரு தடவையாவது 'மந்திரம்' என்றிருப்பாளா? புதுசு என்று எல்லோரும் கூப்பிடுகிற அந்தப் பெண் வந்து மூன்று மாசம்கூட ஆகவில்லை. மூலையில், இஸ்திரிக்காரரின் மேஜைக்குப் பக்கத்தில், சுவரைப் பார்த்து உட்கார்ந்து வாயே திறக்காமல் தைக்கும். அது எப்படித் தைக்கிறது என்று எட்டிப் பார்ப்பதே கௌரவக் குறைச்சல் என்று முடிச்சக்கா திரும்பியும் பார்த்ததில்லை.

அதோடு போனால் பரவாயில்லை. ஜன்னலோர மிஷின் காலியாகப் போகிறது. வெளிச்சமும் காற்றும் வருகிற இடம். அங்கே உட்காருகிறவள்தான் கடையில் தலைமை. இந்த மாசக் கடைசியில் முதலாளியம்மா ஆளைச் சொல்லப் போகிறாள்.

"மந்திரமாவது மாயமாவது!" முடிச்சக்கா குரலை இறக்கினாள். "சொல்லக்கூடாது டீச்சரம்மா, ஆனா உங்ககிட்ட மறைக்க மனசு வரல. அதோட டேப்பு குட்டை. ஒரு அங்குலம் கம்மி. இப்ப நல்லாத்தான் இருக்கும். ரெண்டு தடவை துவைச்சா மூச்சு முட்டும்."

"அய்யய்யோ!"

"நான் சொன்னேன்னு யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

இந்த ஒரு வரியைவிட வேகமாகப் போகிற தபாலை இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

மறுநாளே மூன்று பேர் வந்து நின்றார்கள்.

"எனக்கு மூச்சே விட முடியல," என்று மருந்துக்கடைக்காரம்மா மூச்சு விடாமல் கால்மணி நேரம் பேசினாள்.

"என் கழுத்துச் சுளுக்குக்குக் காரணம் இதுதான்னு இப்பத்தான் தெரியுது," என்றாள் நர்ஸம்மா.

மூன்றாவது அம்மாளுக்கும் அக்குளில் பிடித்தது. அவள் போட்டிருந்தது வேறு கடையில் வாங்கிய ரெடிமேட். டேப்பு குட்டையானால் சட்டை இறுகுமா, தொளதொளக்குமா என்று ஒரு ஆள்கூட யோசிக்கவில்லை.

முடிச்சக்கா எழுந்து ஓடி வந்தாள். முதலாளியம்மா காதுக்குப் போவதற்குள் அமுக்கிவிட வேண்டும்.

"சத்தம் போடாதீங்க, நானே பிரிச்சு அகலமாக்கித் தர்றேன்."

"பாத்தியா! இவங்களே பிரிச்சுத் தர்றாங்கன்னா விஷயம் நிஜந்தானே!"

வாரக் கடைசிக்குள் முப்பது சட்டை குவிந்துவிட்டது. கதையும் துணிக்குச் சமமாக வளர்ந்தது. புதுசு மிச்சத் துணியைத் திருடுகிறதாம். இதற்கு முன்னால் இரண்டு கடையில் கழுத்தைப் பிடித்துத் தள்ளினார்களாம். எதிர்வீட்டுக்காரி அதைப் பார்த்தாலே கதவைச் சாத்தினாள். பள்ளிக்கூட வண்டியில் அதன் குழந்தை பக்கத்தில் எந்தக் குழந்தையும் உட்காரவில்லை.

புதுசு தலையைக் குனிந்து தைத்துக்கொண்டேயிருந்தது. 'என்ன அழுத்தம் பாரு!' என்று முடிச்சக்காவுக்கு அதுவும் எரிந்தது.

கடைசியில் முதலாளியம்மா கத்தரிக்கோலை மேஜையில் ஓங்கி வைத்தாள்.

"நாளைக்குக் காலையில அந்த டேப்பை இரும்பு ஸ்கேல் மேல வச்சுப் பாத்துடறேன். டேப்பு சரியா இருந்தா, புரளி கிளப்பினவளுக்கு இருக்கு. யாரோட அளவு தப்போ, அவ இனிமே இந்தக் கடையில ஊசி கோக்கக்கூடாது!"

முடிச்சக்கா அன்று மதியம் சோற்றுப் பாத்திரத்தைத் திறக்கவேயில்லை. எல்லோரும் கை கழுவப் போன நேரத்தில் புதுசின் ஆணியில் தொங்கிய டேப்பை எடுத்தாள். கடையிலிருந்து வாங்கிய மடிப்புகூடக் கலையாமல் பளபளவென்று இருந்தது. 'டேப்பைக்கூட மினுக்கி வச்சிருக்கா, மினுக்கி!' நுனியில் இருந்த தகரப் பூணைக் கழற்றி, ஒரு அங்குலம் வெட்டி, பூணைத் திரும்ப மாட்டி நசுக்கினாள். பொய்யை நிஜமாக்க ஒரு நிமிஷம்தான் ஆயிற்று.

காலையில் ஸ்கேல் மேல் டேப்பின் பன்னிரண்டு, பதினொன்றில் போய் நின்றது.

"அம்மா, நான் அந்த டேப்பை..." என்று ஆரம்பித்தது புதுசு.

"பேசாத!"

"இல்லம்மா, நான் எப்பவுமே..."

"அதான் ஸ்கேல் பேசிடுச்சே. நீ வேற எதுக்கு?"

புதுசு பையை எடுத்துக்கொண்டது. வாசல் வரை போய்த் திரும்பி முடிச்சக்காவிடம் வந்தது. கண் நிறைந்திருந்தது. "வர்றேங்க்கா. உங்ககிட்டதான் எல்லாம் கத்துக்கிட்டேன்."

'போகும்போதும் குத்திட்டுப் போறா பாரு!' என்று முடிச்சக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஜன்னலோர மிஷின் கிடைத்தது. காற்றும் வந்தது. இரண்டு நாள்தான்.

மூன்றாம் நாள் டீச்சரம்மா பட்டாளத்தோடு வந்தாள். "என்ன முடிச்சக்கா இது? அகலமாக்கச் சொன்னா தலகாணி உறையா ஆக்கி வச்சிருக்கீங்க! எனக்குள்ள இன்னொரு ஆள் குடியிருக்கலாம்."

"முன்ன இருந்ததே கச்சிதமாத்தான் இருந்துச்சு," என்றாள் மருந்துக்கடைக்காரம்மா கூச்சமே இல்லாமல்.

"நீங்கதானே பிடிக்குதுன்னீங்க!"

"எல்லாரும் சொன்னாங்க, நானும் சொன்னேன்."

முதலாளியம்மா தலையில் கை வைத்தாள். "அப்ப சரியான அளவுதான் எது? அந்தப் பொண்ணு குட்டை டேப்புல எடுத்த அளவை எங்கேயாவது எழுதி வச்சிருக்கா? இஸ்திரி அண்ணே, துணி வாங்கி வைக்கறது நீங்கதானே, உங்களுக்குத் தெரியுமா?"

கடையில் என்ன நடந்தாலும் தேய்ப்பதிலிருந்து தலை நிமிராத இஸ்திரிக்காரர், பெட்டியை நிறுத்தி வைத்தார். மேஜைக்கு அடியிலிருந்து ஒரு பெரிய மூட்டையை இழுத்து ஜன்னலோர மிஷின் மேல் பொத்தென்று போட்டு அவிழ்த்தார். உள்ளே முப்பது பழைய சட்டைகள்.

"டேப்பா? அந்தப் பொண்ணு ஒரு நாளும் டேப்பைத் தொட்டதில்லீங்கம்மா. இவங்க எல்லாரும் அளவுக்குன்னு ஆளுக்கொரு பழைய சட்டை குடுத்தாங்க, அதை விரிச்சு வச்சு இம்மி பிசகாம அப்படியே வெட்டும். இதோ இருக்கு எல்லாம். காலரைத் திருப்பிப் பாருங்க, ஒண்ணு விடாம எல்லாத்துலயும் சிவப்பு முடிச்சு."