புருல்கான் டீச்சர் விடுதலையான வரலாறு

நாட்டின் கல்வி வளர்ச்சியில் மிகுந்த அக்கறை கொண்ட சிறைக்கல்வி அனுபவ வெளியீட்டு வாரியம், அந்த ஆண்டு ஒரு முக்கியமான முடிவை எடுத்தது. சிறையில் பாடம் நடத்தினால் மட்டும் போதாது, அதைப் பற்றி எழுதி அச்சிலும் ஏற்ற வேண்டும். வசந்தத்துக்குள் எந்த வகுப்பின் அனுபவம் அச்சில் வரவில்லையோ, அந்த வகுப்பு மூடப்படும்.

சூய் சமவெளியில் இருந்த அந்தச் சிறையில் ஒரே ஒரு வகுப்பு, ஒரே ஒரு டீச்சர். பத்தொன்பது வருடமாகக் கைதிகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்துவந்தவர் புருல்கான். அவர் வகுப்பில் எசென் என்று ஐம்பது வயதுக்காரர் ஒருவர் பாதி எழுத்தில் நின்றுகொண்டிருந்தார். மகளுக்குத் தன் கையாலேயே கடிதம் எழுத வேண்டும் என்பது அவர் ஆசை. வகுப்பு போனால் அந்தக் கடிதமும் போச்சு.

எழுதச் சொல்லிக்கொடுக்கத் தலைநகரிலிருந்து தெமிராஸ் என்ற பயிற்சியாளர் வந்தார். கழுத்தில் மூன்று சுற்றுத் துண்டு, கையில் வண்ண வண்ணச் சீட்டுகள். அவர் வாழ்நாளில் யாருக்கும் பாடம் நடத்தியதில்லை, ஆகவே அனுபவத்தைப் பற்றி மூன்று நாள் பேச முடிந்தது.

"வீட்ல போய் எழுதாதீங்க டீச்சர். அனுபவம் ஆறிப்போயிடும். நடந்த இடத்துலயே உக்காந்து, சூடா எழுதணும்!" என்றார். பிறகு எண்ணெயில் பொரித்த பூர்சோக் பலகாரத் தட்டைக் காலிசெய்துவிட்டுக் கார் ஏறினார்.

புருல்கான் வகுப்பிலேயே உட்கார்ந்து எழுதினார். எசெனின் விரல்கள் பேனாவைக் கோடரி மாதிரி பிடிப்பதையும், தன் பெயரை முதல் தடவை எழுதியபோது அவர் தாளைத் திருப்பிப் போட்டுக்கொண்டு அழுததையும் எழுதினார். எழுதும்போது புருல்கானும் அழுதார். நன்றாகத்தான் வந்திருந்தது.

வாசலில் கடிதத் தணிக்கை அதிகாரி ஜொலொன் மறித்தார்.

"அக்கா, இது என்ன?"

"கட்டுரைப்பா. வாரியத்துக்கு."

"எங்க எழுதினீங்க?"

"உள்ளதான்."

"அய்யோ! சுவத்துக்கு உள்ள எழுதின தாள் வெளிய போனா அது கைதி கடிதம். சட்டம். இந்தப் படிவத்தை நிரப்புங்க."

"நான் கைதியா, ஜொலொன்?"

"தாள் கைதியோடது அக்கா. நீங்க சும்மா நிரப்புங்க. காலியா விட்டா திரும்பி வந்துடும், அப்புறம் வசந்தமும் வந்துடும்."

வசந்தம் என்றதும் புருல்கான் பேனாவை எடுத்துவிட்டார். உள்ளே வந்த ஆண்டு: பத்தொன்பது வருடம் முன்பு. வெளியேறும் நாள்: ஓய்வுபெறும் நாள், இன்னும் ஐந்து வருடம். குற்றம் என்ற இடத்தில் வெகுநேரம் யோசித்து, 'கற்பித்தல்' என்று எழுதினார்.

"இது என்ன குற்றம்னே புரியல. ஆனா காலியா இல்ல, அது போதும்" என்று ஜொலொன் முத்திரை குத்தினார்.

வசந்தத்தில் ஒரே உறையில் மூன்று தாள்கள் வந்தன. சிறைத் தலைவர் கர்னல் மாம்பெத்தாலி எழுந்து நின்று வாசித்தார். முதல் தாள்: கட்டுரை அச்சேறியது, வகுப்புக்குப் பத்து ஆண்டு அனுமதி. புருல்கான் சின்னப்பிள்ளை மாதிரி கைதட்டினார். இரண்டாவது தாள்: கைதிப் படிவத்தோடு வந்த அதே கட்டுரைக்காக, கைதிகள் எழுத்துப் போட்டியில் கைதி புருல்கானுக்கு முதல் பரிசு. 'கட்டுரையில் செய்த குற்றத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. மனம் அவ்வளவு தூரம் திருந்தியிருக்கிறது' என்று நடுவர்கள் உருகியிருந்தார்கள். மூன்றாவது தாள்: பரிசாக மீதி ஐந்து ஆண்டும் ரத்து. இன்றே விடுதலை.

"சார், நான் கைதி இல்ல!"

"உள்ள இருக்கிற எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க டீச்சர்."

"உங்களுக்கு என்னைத் தெரியாதா? பதினஞ்சு வருஷமா ஒண்ணா டீ குடிக்கிறோம்!"

"எனக்குத் தெரியும். ஆணைக்குத் தெரியாதே. விடுதலையான ஆளை ஒரு மணி நேரம் அதிகமா வச்சிருந்தா என்னை உள்ள வச்சிடுவாங்க."

"அப்ப வகுப்பை யார் நடத்துவா?"

கர்னல் முதல் தாளை மறுபடி வரிவரியாகப் பார்த்தார். "வகுப்புக்கு அனுமதி இருக்கு. டீச்சரைப் பத்தி ஒண்ணும் போடலியே."

எசென் நடைவழியில் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். "சந்தோஷம் டீச்சர். நல்லபடியா போங்க. திரும்பி மட்டும் வந்துடாதீங்க" என்றார். அவர் கையில் பாதிக் கடிதம் இருந்தது. புருல்கான் அதை வாங்கக் கை நீட்டினார். அதற்குள் இரண்டு காவலர்கள் வாழ்த்துச் சொல்லியபடியே அவரை வெளியே தள்ளிக்கொண்டு போனார்கள்.

வாசல்வரை பின்னாலேயே வந்த கர்னல், இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"டீச்சர், எனக்கு இருபத்தாறு வருஷம் ஆச்சு. நான் எழுதினா எவ்வளவு கழிப்பாங்க?"

மறுநாள் படிவக் கட்டு தீர்ந்துபோனது. இப்போது அந்தச் சிறையில் கர்னல் எழுதுகிறார், ஜொலொன் எழுதுகிறார், கோபுரத்துக் காவலர்கள் துப்பாக்கியைச் சாய்த்துவைத்துவிட்டு எழுதுகிறார்கள். எழுதாமல் இருப்பவர்கள் கைதிகள் மட்டும்தான். அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆளில்லை.